போணி வண்டி

எங்கள் யார்டின் கேட்டில் ஒரு ட்ரெய்லர் வந்து நின்றால், உள்ளே விடுவதற்கு முன் வண்டி எண்ணையும் அது சுமந்து வரும் கன்டெய்னரின் எண்ணையும் கணினியில் பதிய வேண்டும். பதிந்ததும் கேட் பாஸ் அச்சாகும், தடுப்புக் கம்பம் உயரும். பார்ப்பவருக்கு எல்லாமே அந்தச் சிறிய கேபினுக்குள் நடப்பதுபோல் தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு பிரின்டர். விவரங்களை வாங்கிச் சரிபார்க்கும் சர்வரும், அவற்றைச் சேமித்து வைக்கும் தரவுத்தளமும் யார்டு இருக்கும் திருவொற்றியூரிலேயே இல்லை. இரண்டும் கிளவுடில், நாங்கள் மாத வாடகைக்கு எடுத்திருக்கும் இடத்தில், தனித்தனி நெட்வொர்க்குகளில் இருக்கின்றன. நடுவில் ஒரு ஃபயர்வால் உட்கார்ந்து, யார் யாரோடு பேசலாம் என்று பார்த்து அனுமதிக்கிறது.

அந்த இரண்டும் பேசிக்கொள்கின்றனவா என்று ஓயாமல் சோதிக்க ஏற்பாடு செய்வது என் வேலைகளில் ஒன்று. கல்மண்டபத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறேன். கணினி சம்பந்தமாக இந்த யார்டில் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற வேலைகளைவிட இந்தச் சோதனைகளை அமைக்கும் வேலை எனக்குப் பிடிக்கும். எங்கிருந்து புறப்பட வேண்டும், எங்கே போய்ச் சேர வேண்டும், எந்த வழியாக, எவ்வளவு இடைவெளியில், எவ்வளவு தாமதமானால் சிவப்பு காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். நிரப்பி முடித்தால் சோதனை தானாக ஓடும். காலையில் முதலாளிக்கு ஓர் அறிக்கை போகும். அதில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வட்டம், சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. அவர் பார்ப்பது அந்த நிறத்தை மட்டும்.

முதலில் மூன்று சோதனைகள் வைத்திருந்தேன். முதல் இரண்டும் சாதாரணமானவை. ஒன்று கேபினிலிருந்து சர்வருக்கும், மற்றது சர்வரிலிருந்து தரவுத்தளத்துக்கும் போய்க் கதவைத் தட்டும், திறக்கிறதா என்று பார்க்கும், திரும்பிவிடும். மூன்றாவதைத்தான் நான் யோசித்துச் செய்திருந்தேன். இல்லாத ஒரு வண்டி எண்ணை, உண்மையான வண்டியைப் போலவே, கேட்டில் பதிந்து, சர்வர் வழியாகத் தரவுத்தளம்வரை அனுப்பி, பாஸ் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. இரவில் கேட்டை மூடிவிடுவோம் என்பதால், காலையில் கேட் திறப்பதற்குச் சற்று முன் அது தொடங்கும்படி வைத்தேன்.

அது ஓடத் தொடங்கிய மறுநாளே கேட்டில் உட்காரும் பெண் என் மேசைக்கு வந்தாள். வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலிருந்து வருபவள், என்னைவிடச் சில வயது இளையவள், காலை ஷிப்டு அவளுடையது. அன்றைய பட்டியலின் முதல் வரியில் என்னுடைய பொய் வண்டி நின்றிருக்கிறது. அதைக் காட்டி, இன்னாக்கா இது, விடிஞ்சும் விடியாம ஒரு பேய் வண்டிய போணி பண்ணி வெச்சிகீற என்றாள். வண்டியும் இல்லை, லோடும் இல்லை, வெறும் நம்பர் போணியானால் அன்று முழுவதும் பேஜார்தான் என்பது அவள் கட்சி.

இது அவளுடைய கட்சி மட்டுமில்லை. முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். மொத்தக் கடை வைத்து, பிறகு லாரி வாங்கி, பிறகு யார்டு போட்டவர்கள். டிரைவர் முதல் சுமை தூக்குபவர் வரை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். காலையில் முதல் வண்டி லோடோடு உள்ளே வர வேண்டும், காலி வண்டி வந்தால் சற்று ஓரமாக நிறுத்திவைக்க வேண்டும் என்பது யார்டு தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் வழக்கம். அவரிடம் கேட்டேன். பொய் வண்டியை முதலில் விடுவதில் அவருக்கும் சம்மதமில்லை. எனக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. முதல் உண்மையான வண்டி பதிவானதும் மூன்றாவது சோதனை தொடங்கட்டும் என்று மாற்றி வைத்தேன். மூவரும் திருப்தியாகக் கலைந்தோம்.

இதற்குச் சில மாதங்கள் கழித்து, பாதுகாப்புக்காகத் தரவுத்தளத்தைத் தனி நெட்வொர்க்குக்கு மாற்றினோம். நடுவில் ஃபயர்வால் வந்தது அப்போதுதான். சோதனைகள் எல்லாம் பச்சை. ஆனால் காலையில் கேட்டுக்கு வெளியே வண்டிகள் தேங்க ஆரம்பித்தன. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு ட்ரெய்லர் திரும்ப முடியாமல் நின்றாலே பின்னால் என்ன ஆகும் என்பது இந்தப் பக்கம் வந்து போகிறவர்களுக்குத் தெரியும். நான் வேலைக்கு வரும் நேரத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். டிரைவர்கள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

கேட்டுப் பெண் ஒவ்வொரு நாளும் சொன்னது ஒன்றேதான். முதல் வண்டியின் எண்ணைப் போட்டால் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது, அது போன பிறகு மற்றதெல்லாம் சரியாகப் போகிறது. யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பட்டியலில் பதிவாகும் நேரம், பாஸ் வந்து சேர்ந்த நேரம். அவள் எண்ணைத் தட்டிய நேரம் எங்கும் பதிவாவதில்லை. ஆகவே பட்டியலைப் பார்த்தால் அவள் தாமதமாக வந்து தாமதமாக கேட்டைத் திறந்ததுபோல் இருந்தது. என்னுடைய அறிக்கையைப் பார்த்தால் இணைப்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யாரும், தவறு அவளுடையது என்று அண்ணாச்சி வந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். வரிசையில் நின்ற டிரைவர்களிடமும் அவர் அதையே சொல்லியிருந்தார்.

ஒரு வாடிக்கையாளரின் கன்டெய்னர் துறைமுகத்தில் கப்பலுக்கான கெடு நேரத்தைத் தவறவிட்டதும் விஷயம் முற்றியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்களுக்கு இன்னொரு யார்டு உண்டு. அடுத்த வாரத்திலிருந்து அவளை அங்கே மாற்றுவதாக அண்ணாச்சி சொல்லிவிட்டார். கேட்பவருக்கு அது வெறும் மாற்றல். அவளுக்கு அது வேலையை விடுவது. அவள் மகளுக்குப் பேச்சு வராது, தனியாக விட முடியாது. சிறப்புப் பள்ளியின் வேன் பிற்பகலில் மகளை இறக்கிவிடும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து அதற்குள் வந்து சேர முடியாது. அதற்காகவே யாரும் விரும்பாத காலை ஷிப்டை அவள் கேட்டு வாங்கியிருந்தாள்.

நான் அவளுக்காக அண்ணாச்சியிடம் பேசப் போனேன். அவர் தன் போனை எடுத்து என் அறிக்கையையே எனக்குக் காட்டினார்.

"பச்சை பச்சைன்னு தினமும் நீங்கதானே அனுப்புதீங்க. இப்ப நீங்களே வந்து லைன்ல கோளாறுங்கீங்க. நான் எதை நம்பணும்?"

மேசைக்குத் திரும்பி, சோதனைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இதுவரை ஒரு சோதனையைத் திறந்தால், அது என்ன கேட்கிறது என்று பார்ப்பதுதான் என் பழக்கம். அன்று அது எதைக் கேட்காமல் விடுகிறது என்று பார்த்தேன். முதல் இரண்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போய்க் கதவைத் தட்டுகின்றன, கதவு திறக்கிறது, பச்சை. ஆனால் கேட் பாஸ் அப்படிப் போவதில்லை. சர்வர், தரவுத்தளத்தோடு ஒருமுறை தொடர்பு ஏற்படுத்திக்கொண்டால், அதையே வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பேசும். இரவில் கேட் மூடிய பிறகு அந்தத் தொடர்பில் பேச்சே இருக்காது. நீண்ட நேரம் பேச்சில்லாத தொடர்பை ஃபயர்வால் சத்தமில்லாமல் வெட்டிவிடுகிறது. வெட்டியது சர்வருக்குத் தெரியாது. காலையில் முதல் வண்டியின் எண்ணை, எதிர்முனையில் ஆளே இல்லாத போனில் பேசுவதுபோல் பேசிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறது. சலித்துப்போன பிறகுதான் புதுத் தொடர்பு போடுகிறது. அடுத்த வண்டியிலிருந்து எல்லாம் சுகம்.

இதைப் பார்த்திருக்கக் கூடியது மூன்றாவது சோதனை ஒன்றுதான். அது முதல் வண்டிக்குப் பின்னால் நின்றது. இன்னொன்றும் புரிந்தது. பொய் வண்டியே முதலில் போயிருந்தால், அந்தக் காத்திருப்பை அது வாங்கிக்கொண்டிருக்கும். தினமும் காலையில் ஒரு சிவப்பு வட்டம் வந்திருக்கும். பின்னால் வரும் உண்மையான வண்டி நிற்காமலே போயிருக்கும். சோதனை என்பது தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அதுவும் அதே பாதையில் நடக்கிறது. நடந்த இடத்தில் தடம் விழுகிறது.

கணினிப் பதிவுகளை எடுத்துப் போய் அண்ணாச்சியிடம் நீட்டுவதில் பயனில்லை என்று தெரியும். வரி வரியான எழுத்தை அவர் படிக்க மாட்டார். அவர் கண்ணெதிரே காலையில் அது நடக்க வேண்டும். லோடு வண்டி ஒன்று முதலில் நின்றால், எப்படியாவது அதை உள்ளே விடுவதில்தான் அவர் கவனம் போகும். எல்லா வண்டிக்கும் முன்னால், என் சோதனை முதலில் போக வேண்டும். அதாவது போணியை மீற வேண்டும். இதை அண்ணாச்சியிடம் கேட்பதற்கு முன் அவளிடம்தான் கேட்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

ஷிப்டு முடிந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றவளைப் பிடித்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். ஆளில்லாத போன் என்று சொன்னதும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"அப்போ எனக்கு நானே ஆப்பு வெச்சிகினேனா?"

மூன்று பேரும் சேர்ந்துதான் வைத்தோம் என்றேன். நாளைக் காலை பொய் எண்ணை முதலில் விட அவள் சம்மதிக்கிறாளா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். வேலையே போகும் நிலையில் இதற்கு என்ன பிடிவாதம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அதை என் முகத்திலிருந்து படித்துவிட்டாள்.

"வேல போறப்போ பொய் வண்டிய வுட்டுட்டு போனாளேன்னு பேர் வேணாம்க்கா. உன் வண்டி நம்பர போடு, அது நெஜ வண்டிதானே? சொம்மா வராத, லோடோட வா. கேபின்ல பேப்பர் ரோல் தீர்ந்துபூட்ச்சு. அத்த கட்டி எடுத்துகினு வா."

நான் யோசித்துப் பார்த்தேன். சோதனைக்குத் தேவை, பாதை முழுவதும் போய்த் திரும்பும் ஒரு பதிவு. அந்த எண் ட்ரெய்லருடையதா ஸ்கூட்டருடையதா என்று ஃபயர்வாலுக்குக் கவலையில்லை. அண்ணாச்சியிடம் சொன்னபோது, அவரும் லோடு உண்டா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு வருவதாக ஒப்புக்கொண்டார்.

மறுநாள் கேட் திறக்கும் முன்பே வந்துவிட்டேன். அவள் எனக்கும் முன்னால் வந்திருந்தாள். என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் பேப்பர் ரோல் பெட்டி கயிற்றால் கட்டியிருந்தது. கம்பத்துக்கு முன்னால் அதை நிறுத்தினேன். எனக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லர், அதன் பின்னால் இன்னும் சில. முதல் ட்ரெய்லரின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, ஸ்கூட்டி எந்தக் கப்பலுக்குப் போகிறது என்று விசாரித்தார். அண்ணாச்சி கேபினுக்குள் ஏறி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். என் லேப்டாப்பில் முதல் இரண்டு சோதனைகளும் பச்சையாக ஓடிக்கொண்டிருப்பதை அவர் பார்க்கும்படி வைத்தேன்.

அவள் எண்ணைத் தட்டி, பொத்தானை அழுத்தி, இரண்டு கைகளையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

திரை சுற்றியது. அண்ணாச்சி திரையைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். வெளியே ஹாரன் ஒன்று கேட்டது, பிறகு இன்னொன்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணாச்சி கையில் இருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது. கடைசியில் பிரின்டர் சத்தம் போட்டு, என் ஸ்கூட்டருக்கான கேட் பாஸை வெளியே தள்ளியது. அதில் இருந்த நேரம், அவள் பொத்தானை அழுத்திய நேரம் இல்லை என்பதை அவரே கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்.

"பச்சையாத்தானே இருந்துச்சு" என்றார், என்னிடம் இல்லை, லேப்டாப்பிடம்.

அது தட்டியது வேறு கதவு என்றேன். சரிசெய்வது பெரிய வேலையில்லை என்றும் சொன்னேன். பழைய தொடர்பைப் பயன்படுத்துமுன் எதிர்முனையில் ஆள் இருக்கிறதா என்று சர்வரை ஒரு வார்த்தை கேட்கவைத்தால் போதும். அதை அன்று பகலிலேயே செய்தேன். பொத்தானை அழுத்தும் நேரத்தையும் பட்டியலில் சேர்த்தேன். அறிக்கையில் ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே, அது எதைச் சோதிக்கவில்லை என்பதற்கு ஒரு வரி ஒதுக்கினேன். அண்ணாச்சி அதைப் படிக்கிறாரா என்று தெரியாது. நான் அதை எழுத வேண்டியிருப்பதே எனக்குப் பயன்.

ஆனால் அதெல்லாம் பிறகு. கேபினில் அண்ணாச்சி டீ டம்ளரை வைத்துவிட்டு, நீ இங்கேயே இரு தாயி என்று சொல்லிப் படியிறங்கினார். விஷயம் அவரளவில் முடிந்துவிட்டது. அவளுக்கு முடியவில்லை.

"அண்ணாச்சி, நான் லேட்டா வந்து கேட்ட தொறக்கறேன்னு லைன்ல நிக்கறவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்க. இப்போ இத்தையும் சொல்ட்டு போங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் படியில் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முதல் ட்ரெய்லரை நோக்கி நடந்தார். டிரைவரை அண்ணாந்து பார்த்து, இத்தனை நாள் கேட்டில் நின்றதற்குக் காரணம் அந்தப் பிள்ளை இல்லை, கம்ப்யூட்டர் லைன் என்று, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"யாரா இருந்தா எனுக்கு இன்னா அண்ணாச்சி," என்றார் டிரைவர். "மொதல்ல அந்த ஸ்கூட்டிய உள்ள தள்ள சொல்லு."

கேபினுக்குள் அவள் சிரித்துவிட்டாள். நான் ஸ்கூட்டரை உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்குள், ட்ரெய்லரின் எண்ணை அவள் தட்டி முடித்திருந்தாள்.