பாலகாட் சுரங்கத்தின் இரண்டு தண்ணீர்

காத்தவராயனுக்குத் தங்கவயலில், பாலகாட் பக்கத்துப் பழைய சுரங்கம் ஒன்றில் பம்பு வேலை. அங்கே தங்கம் எடுப்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. ஆனால் ஊறுகிற தண்ணீரை இறைக்காவிட்டால் அது பக்கத்துச் சுரங்கங்களுக்குள் புகுந்துவிடும். அதனால் ஷிஃப்டுக்கு ஒருவர் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மூன்றாம் லெவல் சுரங்கப்பாதைக்கு இறங்கிப் பம்பை ஓட்டியாக வேண்டும். பதினெட்டு வருஷமாகக் காத்தவராயன் அதைச் செய்துவந்தார்.

அந்த லெவலின் குறுக்கே சுவர் மாதிரி ஒரு கருங்கல் பாறை. ஆள் நடக்க அதைக் குடைந்து வழி விட்டிருந்தார்கள். பாறைக்குக் கிழக்கே ஒரு தண்ணீர்க் குழி, மேற்கே ஒன்று. இரண்டிலும் சீரகத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்குக் கண் இல்லை. விளக்கைக் கிட்டே கொண்டுபோனாலும் அவை விலகுவதில்லை என்பதை வைத்து அதைக் கண்டுபிடித்தவர் காத்தவராயன்தான். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

1972இல் பெங்களூரிலிருந்து ஞானசுந்தரி என்ற விலங்கியல் ஆராய்ச்சியாளர் வந்து, ஸ்கெலட்டன் என்ற பகுதியின் கிணறுகளில் நிலத்தடிப் பூச்சிகளைத் தேடி வலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்த்த கூட்டத்தோடு நின்ற காத்தவராயன் வலையை எட்டிப் பார்த்தார். அதே வெள்ளைப் பூச்சி.

“இதுவாம்மா? இது எங்க பம்புகிட்ட நெறைய கீது.”

ஞானசுந்தரி சுரங்கத்துக்குள் போக மேனேஜர் சம்மதிக்கவில்லை. பூச்சிகளைக் காத்தவராயன் பிடித்துத் தரலாம் என்றார். ஸ்பிரிட்டில் போட்டால் தான் செய்யப்போகும் சோதனைக்கு ஆகாது, உயிரோடு வேண்டும் என்றார் ஞானசுந்தரி. முதல் தடவை கொண்டுபோனவை வெயிலில் செத்தன. அடுத்த தடவை ஐஸ் வைத்ததில் குளிர் தாங்காமல் செத்தன. மூன்றாவது தடவை காத்தவராயன் இரண்டு குழிப் பூச்சிகளையும் அந்தந்தக் குழித் தண்ணீரோடு தனித்தனிப் பாட்டில்களில் நிரப்பி, மட்கிய மரத்துண்டு ஒன்றைப் போட்டு, ஈரச்சாக்கில் சுற்றிக் காலை ரயிலில் பெங்களூருக்குத் தானே எடுத்துப் போனார். ஒன்றுகூடச் சாகவில்லை.

சோதனை இதுதான்: பூச்சியை நசுக்கிய சாற்றை உறைந்த மாவுக்கூழின் ஓரத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். சாற்றிலுள்ள புரதங்கள் நகரும். சாயம் போட்டால் கோடுகளாகத் தெரியும். கோடு எங்கே நிற்கும் என்பது மரபணுவைப் பொறுத்தது. நெருங்கிய சொந்தமாக இருந்தால் கோடுகள் ஒத்துப்போகும்.

இரண்டு வாரம் கழித்து ஞானசுந்தரி காத்தவராயன் வீட்டுக்கே வந்தார். காத்தவராயனின் மனைவி பாப்பம்மா காப்பி கொடுத்தார். ஞானசுந்தரி குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டில் ஏதாவது மாறிப்போச்சா? பார்க்க எல்லாம் ஒரே பூச்சி. ஆனா கிழக்குக் குழிப் பூச்சியோட கோடு மேற்கோட சேரவே இல்ல. மேற்கு, கிணத்துப் பூச்சியோட அப்படியே ஒத்துப்போகுது. இருபதடி தூரத்துல இருக்கிறது எப்படி வேற ஆகும்?”

காத்தவராயனின் முகம் சுருங்கிவிட்டது.

“பாட்டில் மாறலம்மா. தண்ணியே வேற. மேக்கால ஒரு ஷிஃப்ட் முழுக்க எறைச்சாலும் கெயக்கால ஒரு அங்குலம் எறங்காது. அந்தக் கருங்கல்லு விடாது.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க பூச்சிதானே கேட்டீங்க.”

சொன்னதோடு அவர் விடவில்லை. மறுவாரம் ஃபோர்மேன் ஏனோக்கை அழைத்துக்கொண்டு இறங்கினார். மேற்குக் குழியை எட்டு மணி நேரம் இறைத்து, மணிக்கொரு தடவை கிழக்குக் குழியின் மட்டத்தை அளந்து நோட்டில் எழுதினார். பூச்சிகளை ஏனோக்கின் கண்முன்னால் பிடித்து, பாட்டில்களை அரக்கு வைத்து மூடி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். பெங்களூரில் கோடுகள் மறுபடியும் அப்படியேதான் வந்தன.

ஞானசுந்தரி அந்த நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். இரண்டு குழிப் பூச்சிகளும் ஒரே முன்னோரின் பிள்ளைகள். பாறை நடுவில் நின்று தண்ணீரைப் பிரித்ததில், இருட்டுக்குள் எத்தனையோ தலைமுறை தனித்தனியாக வாழ்ந்து, உருவம் மாறாமலே உள்ளே மாறிப்போனவை. அவருக்குப் பூச்சியும் கோடும் தெரிந்திருந்தன. நடுவில் இருந்த பாறையைக் காட்டியவர் காத்தவராயன். “உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்பு” என்று ஞானசுந்தரி பாப்பம்மா முன்னாலேயே மன்னிப்புக் கேட்டார். இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் காத்தவராயன் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டார்.

அடுத்த வருஷம் பெங்களூரில் ஆய்வாளர்கள் கூடிய அரங்கில் காத்தவராயனும் பேசினார். இஸ்திரி போட்ட சட்டையில், சாக்பீஸால் இரண்டு குழியையும் பாறையையும் பலகையில் வரைந்து காட்டினார். ஞானசுந்தரி இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். பேராசிரியர் ஒருவர் எழுந்து, “பாறைக்குக் கீழே, ரொம்ப ஆழத்தில், விரிசல் இருந்து தண்ணீர் கலந்தால்?” என்று கேட்டார். ஞானசுந்தரி அதைத் தமிழில் சொன்னார்.

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். காத்தவராயன் தான் பலகையில் வரைந்த பாறையின் அடியைப் பார்த்தார்.

“அது எனக்குத் தெரியாதுங்க. என் பம்பு எட்டுற ஆழம் வரைக்கும்தான் நான் சொல்ல முடியும்.”

ஞானசுந்தரி மொழிபெயர்த்து முடித்ததும் பேராசிரியர் தலையசைத்து உட்கார்ந்தார். அன்று அந்த அரங்கில் கேட்ட பதில்களிலேயே சரியான பதில் அதுதான் என்று பிற்பாடு அவர் ஞானசுந்தரியிடம் சொன்னாராம்.

காத்தவராயன் சாயங்கால ரயிலில் ஊர் திரும்பினார். மறுநாள் அவருக்கு முதல் ஷிஃப்ட்.