ஊட்ட விடாத பிள்ளை

லாத்தா மௌத்தானபோது அவள் மகளுக்குப் பத்து மாதம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன என் அக்கா வீடு திரும்பவில்லை. குவைத்திலிருந்து ஓடிவந்த மச்சானுக்குப் பிள்ளையைச் சரியாகத் தூக்கக்கூடத் தெரியவில்லை. நான்தான் அவளை வாங்கிக்கொண்டேன்.

புட்டிப்பால் குடிப்பாள். சோறு மட்டும் என் கையால் வாங்க மாட்டாள். பருப்புச் சோற்றைக் குழைய மசித்து நெய் விட்டு நீட்டினால், உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புவாள். ஸ்பூனைக் கண்டால் தட்டிவிடுவாள். கடற்கரைக்குத் தூக்கிப் போய் அலையைக் காட்டினேன். அலையைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அவள் தேடியது லாத்தாவின் கையை. அதற்கு நான் எங்கே போவேன்?

எடை குறையத் தொடங்கியதும் டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

"வற்புறுத்தாதீங்க. நீங்க சாப்பிடும்போது பக்கத்துல உக்கார வைங்க. ரெண்டு விரலுக்குள்ள நசுங்குற மாதிரி எதையாவது முன்னால வைங்க. அவளா எடுக்கட்டும்."

"தொண்டையில சிக்கிக்கிட்டா?"

"இருமினா பயப்படாதீங்க, அவளே வெளிய தள்ளிடுவா. சத்தமே வராம திணறுனாத்தான் ஆபத்து" என்று சொல்லி, அப்போது குழந்தையைக் கவிழ்த்து முதுகில் எப்படித் தட்ட வேண்டும் என்றும் செய்து காட்டினார்.

வாழைப்பழம், இட்லி, வெந்த கேரட் என்று வைத்துப் பார்த்தேன். பிசைந்தாள், வீசினாள், தலையில் தேய்த்துக்கொண்டாள். ஒன்றும் வாய்க்குப் போகவில்லை.

மச்சான் குவைத்துக்குத் திரும்பும் நாள். மதியம் மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் தட்டில் வேகவைத்த பூசணித் துண்டுகள். ஒன்றைப் பிடித்து நசுக்கினாள். பிடிக்கு வெளியே பிதுங்கியதை வாயில் வைத்தாள். சப்பினாள். இன்னொன்றை எடுத்தாள். திடீரென்று குமட்டி, முகம் சிவந்துவிட்டது. மச்சான் அவள் வாய்க்குள் விரலை விடப் பாய்ந்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க மச்சான். இருமுறா பாருங்க."

இருமி வெளியே தள்ளியதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அதையே எடுத்து மறுபடி வாயில் போட்டுக்கொண்டாள்.

மச்சான் மெதுவாக உட்கார்ந்தார். "இனிமே யாரு கையும் வேணாம்னு நெனச்சிட்டா போல" என்றார். அவள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தட்டில் சோறு அப்படியே ஆறிப்போயிருந்தது.

லாத்தாவின் வருஷ நினைவுக்குப் பாத்திஹா ஓதிய அன்று பெண்கள் நாலு பேர் ஒரே பெரிய சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். அவளும் என்னருகே உட்கார்ந்தாள். சொந்தக்காரப் பெண் ஒருத்தி இரக்கப்பட்டு ஒரு கவளம் நீட்டினாள். அந்தக் கையை விலக்கிவிட்டு, தன் பக்கத்துச் சோற்றை அள்ளித் தின்றாள் பிள்ளை.

"உம்மா இல்லாத புள்ளைக்கு எவ்வளவு பிடிவாதம் பாரு" என்றாள் கவளம் நீட்டியவள்.

"பிடிவாதம் இல்லங்க. பசிக்கிது, சாப்புடுறா" என்றேன். எலும்பு நீக்கிய கறித்துண்டு ஒன்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு நானும் சாப்பிட ஆரம்பித்தேன்.