தாத்தாவுக்குப் பக்கத்தில் இடம்

வெளிநாட்டில் நான் குடியேறிய கால்கரியில் பீட்சா விளம்பரத்தோடு இடுகாட்டு விளம்பரமும் தபால் பெட்டியில் வந்து விழும். புல்வெளி, வாத்து நீந்தும் குளம், உங்கள் இடத்தை இப்போதே தேர்ந்தெடுங்கள் என்று ஒரு வரி. முதலில் வந்ததைக் கிழித்துப் போட்டேன். எண்பதை நெருங்கும் அப்பா என்னோடு வந்து சேர்ந்த பிறகு, அடுத்ததை அவர் படித்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்றார். போனோம். அலுவலகப் பெண்மணி வரைபடத்தை விரித்து, குடும்பத்தில் மற்றவர்கள் எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்று கேட்டாள். விருத்தாசலத்தில், மணிமுத்தாற்றங்கரையில் என்றார் அப்பா. நான் மொழிபெயர்த்தேன். அவள் அந்தப் பெயரை வரைபடத்தில் வெகுநேரம் தேடினாள்.

அப்பா கையெழுத்துப் போடவில்லை. "எங்கப்பா பக்கத்துல எடம் இருக்குதான்னு பாத்துட்டு வாம்மா. இருந்துச்சுன்னா நான் அங்கதான்," என்றார். எங்கள் குடும்பத்தில் புதைப்பதுதான் வழக்கம். அப்பா வாலிபத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவர். தாத்தா இறந்தபோது கல் வைக்க வசதியில்லை. மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும், வட்ட மடிப்புகள் கொண்ட வெள்ளைப் பீங்கான் ஒன்று, சூளையில் கீறல் விட்டதென்று ஒதுக்கியது, அதைக் கொண்டுபோய் அடையாளத்துக்கு நட்டார். இந்த யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தார்.

எல்லோருக்கும் வந்திருந்தது. போன கோடையில் ஊருக்குப் போய் அந்த ஆற்றங்கரை இடுகாட்டில் நான் நின்றபோது, கருவேல முள்ளுக்கு நடுவே பார்த்த இடமெல்லாம் வெள்ளைப் பீங்கான். குழி வெட்டும் கலியமூர்த்தி, என் பின்னால் ஆண்கள் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பெண்கள் அங்கே வருவதில்லை. விஷயத்தைச் சொன்னேன். மழைக்குச் சாய்வதையெல்லாம் அவர்தான் கைக்கு வந்த இடத்தில் நட்டுவிடுவாராம். பொது இடம், பழைய எலும்பை ஓரம் தள்ளிவிட்டுத்தான் புதிதாக வைப்போம் என்றும் சொன்னார்.

இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒழுங்காக நிமிர்ந்து நின்ற ஒன்றைப் பார்த்து, வீடியோவில் கூப்பிட்டு, இதுதான் தாத்தா என்றேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது மூணு மடிப்பும்மா. நான் நட்டது ரெண்டு மடிப்பு. இந்த மாடலு அவரு செத்து ஆறு வருஷம் கழிச்சுதான் வந்துச்சு."

பொய் பிடிபட்ட வெட்கத்தில் போனைக் கலியமூர்த்தியிடம் கொடுத்துவிட்டேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அப்பா தனக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று கேட்டார்.

"ஊர்க்காரங்களுக்கு எப்பவும் உண்டுங்க. யாரு பக்கத்துலன்னுதான் சொல்ல முடியாது."

"அப்ப அவ்ளோ தூரம் என்னத் தூக்கிட்டு வர வேணாம். எம் பேருக்கு ஒண்ணு நட்டு வுடுங்க. ரெண்டு மடிப்பா பாருங்க," என்றார் அப்பா.

கலியமூர்த்தி சாய்ந்து கிடந்தவற்றில் தேடி ஒன்றை எடுத்து நட்டார். அது தாத்தாவுடையதாகவே இருக்கலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவருக்கு இங்கே அழக்கூடாது என்று கலியமூர்த்தி அதட்டினார்.

நான் திரும்பி வந்த வாரமே அப்பா கையெழுத்துப் போட்டார். கால்கரியில் அவருக்கு ஓர் எண் இருக்கிறது, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் இருக்கிறது. அவர் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, டீயில் சர்க்கரை போதவில்லை என்கிறார்.