எதிர்க்கடைக் கைப்பிடியும் என் புது கிரைண்டரும்

எதிர்க்கடை யோகன் செய்த கைப்பிடியில் என் முகம் தெரிந்தது. மங்கலாக இல்லை. மூக்குக்கண்ணாடி, நரைத்த மீசை, அதன் கீழே இறுகிப்போயிருந்த வாய்... எல்லாம் பளிச்சென்று.

பொறாமைப்படும்போது நான் எப்படி இருப்பேன் என்று அன்றுதான் நேரில் பார்த்தேன். அழகாக இல்லை.

என்னுடைய இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். வாரத்தில் ஆறு நாள் இரும்பு, ஒரு நாள் எழுத்து. கேட், ஜன்னல் கிரில், தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளின் கூரைக்குச் சட்டம் – இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. யோகன் எனக்கு நேர் எதிரே கடை போட்டு இரண்டு வருடம் ஆகிறது. என்னைவிட இளையவன். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். அந்த மரியாதைகூட எனக்குப் பிடிக்காது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் அம்மன் கோயிலுக்கு ஏற நாற்பது படிகள். மழை பிடித்தால் பாசி ஏறி வழுக்கும். போன திருவிழாவில் ஒரு அம்மா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதனால் இந்தத் திருவிழாவுக்குள் இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கைப்பிடி போடுவது என்று கோயில் கமிட்டி முடிவெடுத்தது. நாள் குறைவு. ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். ஏறும்போது வலது பக்கம் யோகன். இடது பக்கம் நான்.

கவனித்தீர்களா? ஒரே படி. அந்தப் பக்கம் அவனுடையது, இந்தப் பக்கம் என்னுடையது. தோட்டமே இரண்டையும் தடவிப் பார்த்துக்கொண்டு ஏறப்போகிறது. இதைவிட மோசமான பரீட்சை உண்டா?

யோகன் முதல் துண்டை முடித்துக் கடை வாசலில் சாய்த்து வைத்திருந்தான். அதில்தான் என் முகம் தெரிந்தது. வெல்டிங் போட்ட இடம் எது? விரலால் தடவினேன். நகத்தால் சுரண்டினேன். அகப்படவில்லை.

இரும்பு வேலையில் ஒரு வசதி உண்டு. தேய்க்கும்போது கிரைண்டர் எங்கே கடித்தாலும் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்துவிடலாம். எங்களைப் போன்றவர்களின் மானத்தைக் காப்பதே பெயின்ட்தான். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. கை செய்த தப்பு அப்படியே வெளியே தெரியும். என் பழைய கிரைண்டரை வைத்து நான் தேய்த்த முதல் துண்டைப் பூனை பிறாண்டியிருந்ததுபோல் இருந்தது.

அப்போதுதான் அதைக் கண்டேன். யோகனின் மேசைமேல் ஒரு கிரைண்டர். பின்பக்கத்தில் சின்னதாக ஒரு டயல். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுபோல வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். யோகன் போனில் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் குனிந்து, அது எத்தனை வாட்ஸ் என்பதையும் படித்து மனதில் வைத்துக்கொண்டேன்.

ஓஹோ... ரகசியம் மிஷினில் இருக்கிறதா?

பொறாமைக்காரனுக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது. திறமையைக் கடையில் வாங்க முடியாது. மிஷினை வாங்கலாமே!

பக்கத்து ஊர் தலவாக்கலையிலேயே கிடைக்கும். ஆனால் அங்கே யாராவது பார்த்து யோகனிடம் சொல்லிவிட்டால்? ஹட்டனுக்கே பஸ் ஏறினேன். "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்ட என் மனைவி சாந்தியிடம், "கண்ணு டொக்டர்கிட்ட" என்றேன்.

ஹட்டன் ஹார்ட்வெயார் கடையில் நிமல் என்று ஒருவர் கவுன்டரில் நின்றார். சிங்களவர். தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுகிறார்.

"என்ன வேலைக்கு பாஸ்?" பட்டறைக்காரர்களை எங்கள் பக்கம் இப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பூண்டுலோயாவுல ஒருத்தர் டயல் வச்ச கிரைண்டர் ஒண்ணு வச்சிருக்காரு. அதவிட நல்லது வேணும்."

நிமல் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "வேலைக்கு வாங்குறீங்களா, அந்த ஆளுக்கு வாங்குறீங்களா?"

பதில் சொல்லும்படியாகவா கேட்டார்?

மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது சாதாரணமானது. "இது வெட்டுறதுக்கு நல்லம். சுவிட்ச் போட்டதும் முழு ஸ்பீட்தான். பாலிஷுக்குச் சரிவராது." இரண்டாவது ஏழு அங்குலம், பெரிய உருப்படி. என் கை தானாக அதன் பக்கம் போனது. யோகனுடையதைவிட இரண்டு மடங்கு பெரிது! நிமல் அதை மெதுவாக நகர்த்தி வைத்தார். "இதத் தூக்கிக்கிட்டு கைப்பிடி வேலை செஞ்சா தோள் கழண்டுரும் பாஸ்."

மூன்றாவது ஐந்து அங்குலம். டயலில் ஒன்றிலிருந்து ஆறுவரை நம்பர். "ஸ்டார்ட் பண்றப்ப உதறாது, மெதுவாப் புடிக்கும். வேலை செய்றப்ப ஸ்பீட் விழாது. கை வழுக்கி விட்டுட்டீங்கன்னா சுவிட்ச் தானா ஆஃப் ஆயிரும், உங்க பக்கத்து மழைக்கு அது முக்கியம். டிஸ்க் வாங்குறப்ப, டிஸ்க்குல போட்டிருக்குற ஸ்பீட் மிஷினோட ஸ்பீட்டவிடக் கூட இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வெடிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு டயல வந்து..."

அந்த மனிதர் டயலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வாட்ஸைப் படித்துக்கொண்டிருந்தேன். யோகனுடையதைவிட முன்னூறு அதிகம்.

"இதையே கட்டுங்க" என்றேன்.

வீட்டில் பார்சலைப் பிரித்ததும் சாந்தி எட்டிப் பார்த்தாள். "கண்ணு டொக்டர் இதத்தான் எழுதிக் குடுத்தாரா?"

மறுநாள் காலை. டயலை ஆறில் வைத்தேன். ஆறு இருக்கும்போது ஐந்தில் வைக்க நான் என்ன பைத்தியமா? சுவிட்சை அமுக்கினேன். பட்டறையே அதிர்ந்தது. எதிர்க்கடைக்குக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

பத்தே நிமிடம். கைப்பிடிக் குழாய் மஞ்சளானது. பிறகு ஊதா, பிறகு மயில் கழுத்து நீலம். வெல்டிங் மூட்டு இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இன்னொரு துண்டை எடுத்தேன். இன்னும் பலமாக அமுக்கித் தேய்த்தேன். அது இன்னும் நீலமானது.

சொல்லி வைத்ததுபோல் அந்த நேரத்தில்தான் கமிட்டித் தலைவர் வந்தார். நீலக் குழாயைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது டிசைனா பாஸ்?"

நான் குனிந்து டிஸ்க்கைக் கழற்றத் தொடங்கினேன்.

"திருவிழாவுக்கு எட்டு நாள்தான் இருக்கு. முடியலன்னா சொல்லிருங்க, தப்பா நெனைக்க மாட்டோம். யோகன் ரெண்டு பக்கமும் செஞ்சிருவாரு."

தப்பாக நினைக்க மாட்டார்களாம்! இருபது வருடம் இந்த ஊரின் கேட்டெல்லாம் என் கையால் செய்தது. அந்த ஒரு வாக்கியம் நெஞ்சில் முள்போல் குத்தி நின்றது.

எங்கள் இரண்டு கடைக்கும் நடுவே இருபதடி ரோடு. அதைக் கடக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள், கெட்டுப்போன துண்டையும் கிரைண்டரையும் சாக்கில் சுற்றிக்கொண்டு போனேன்.

யோகன் இல்லை. கோயில் படியில் கைப்பிடிக்கான கம்பங்களை நடப் போயிருந்தான். உள்ளறையில் யாரோ குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் மாஸ்க், கண்ணாடி, தலையில் துணி. கிரைண்டரின் சத்தம் வித்தியாசமாக இருந்தது. அலறல் இல்லை, ஒரே சீரான முனகல். என்னைக் கண்டதும் அந்த ஆள் சுவிட்சை விட்டு, மாஸ்க்கைக் கழற்றினார்.

புஷ்பா. யோகனின் மனைவி. இரண்டு வருடமாக அந்தக் கடையில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தருகிற புஷ்பா.

"நீயாம்மா பாலிஷ் பண்றது?"

"பின்ன யாருண்ணே? அவரு வெல்டிங் மட்டுந்தான். மலேசியாவுல பாத்திரக் கம்பெனியில மூணு வருஷம் எனக்கு இதே வேலைதான்." சாக்கைப் பார்த்தாள். "என்ன கொண்டாந்திருக்கீங்க? காட்டுங்க."

கிரைண்டரைக் கையில் வாங்கி, எடை பார்த்து, டயலைத் திருகிப் பார்த்தாள். "நல்ல மிஷின்ணே. எங்களோடதவிட நல்லது."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே ஹட்டன்வரை போனேன்? வந்து விழுந்தபோது அதில் ஒரு ருசியும் இல்லை.

"எதுல வச்சு ஓட்டுனீங்க?"

"ஆறுல."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். "ஆறுல வச்சா ஸ்டீல் வெந்துரும்ணே. இரும்புன்னா தாங்கும், இது தாங்காது. ரெண்டுல வைங்க. அமுத்தாதீங்க, மிஷினோட கனமே போதும். ஒரே எடத்துல நிக்காம நகத்திக்கிட்டே போங்க. இரும்புக்குப் போட்ட டிஸ்க்க மட்டும் இதுல போட்றாதீங்க, பின்னால துரு எறங்கும்."

சொல்லிவிட்டு என் நீலக் குழாயை மேசையில் பொருத்தியிருந்த இரும்புப் பிடியில் இறுக்கித் தானே ஓட்டிக் காட்டினாள். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க, கை மட்டும் போய் வந்தது. நீலம் கழன்று வெள்ளை எழும்பியது. நான் வாய் பிளந்து நின்றேன். நன்றி வந்தது, வெட்கம் வந்தது. இரண்டுக்கும் முன்னால் வந்து நின்றது... ஆமாம், அதேதான். அந்தக் கை எனக்கு இல்லையே!

எட்டு நாளில் மிச்சமிருந்த ஐந்து நாளும் ராப்பகலாக டயல் இரண்டில் உட்கார்ந்தேன். என் பக்கமும் முடிந்தது. சுமாராக இல்லை, நன்றாகவே வந்தது.

திருவிழாவில் ஜனம் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு ஏறியது. மழையும் பெய்தது. ஒருவரும் விழவில்லை. பூசை முடிந்ததும் தலைவர் மைக்கைப் பிடித்தார். எனக்கும் யோகனுக்கும் பொன்னாடை. "ரெண்டு பேரும் நல்லாச் செஞ்சிருக்காங்க. முக்கியமா யோகன் பாஸோட பாலிஷ் இருக்கே..." கைதட்டல். யோகன் தலையைக் குனிந்து சிரித்தான்.

என்னால் தாங்க முடியவில்லை. மைக்கை வாங்கினேன்.

"ஒரு விஷயம் சொல்லணும். வலது பக்கத்து பாலிஷ் யோகன் செஞ்சதில்லீங்க. அவரு சம்சாரம் புஷ்பா செஞ்சது. எனக்கும் அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க."

பெரிய மனசு என்று நினைக்கிறீர்களா? உங்களிடம் என்ன மறைப்பு... யோகனுக்கு விழுந்த கைதட்டலில் பாதியையாவது பிடுங்கிவிட வேண்டும் என்றுதான் சொன்னேன். சொல்லும்போது என் கண் புஷ்பாவின் பக்கம் போகவே இல்லை. யோகனின் முகம் சுருங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுருங்கவில்லை.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்ணே, அவதான் வேணாம்னுட்டா" என்றான். தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினான். பெண்கள் வரிசையில் நின்ற புஷ்பாவின் தோளில் போட்டான். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது எழுந்த கைதட்டல் இருக்கிறதே... அதுவரை விழுந்ததெல்லாம் சும்மா.

அதிலும் அவன் என்னை ஜெயித்துவிட்டான்! நான் என் பொன்னாடையோடு மைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இது நடந்து ஒரு மாதம். எதிர்க்கடையில் போர்டு மாறிவிட்டது. 'புஷ்பா ஸ்டீல் வேர்க்ஸ்' என்று சிவப்பு எழுத்து. ராகலையிலிருந்தும் டயகமவிலிருந்தும் ஆட்கள் வேன் பிடித்து வந்து என் வாசலில் நின்று, "புஷ்பா அக்கா கட எது?" என்று என்னிடமே கேட்கிறார்கள். நானும் கை நீட்டிக் காட்டுகிறேன்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்வேன். யோகன்மீது எனக்கு இப்போது துளிகூடப் பொறாமை கிடையாது. கடை முதலாளி அவன் இல்லையே!