கோட்டை விட்ட இடம்

மன்றத்தில் யார் செஸ் ஆடித் தோற்றாலும் அடுத்ததாகத் தேடுவது தையல்காரரைத்தான். அவர் வந்து காய்களைப் பின்னுக்கு நகர்த்தி, "இங்கதான் கோட்டை விட்டுட்ட" என்று சுண்டுவிரலால் தட்டிக் காட்டுவார். தைத்ததைப் பிரித்துப் பழகிய கை. எந்த ஆட்டத்தையும் நூல் நூலாகப் பிரித்துவிடும். சொந்த ஆட்டம் மட்டும் சுமார்தான். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

மனுஷனுக்கு ஒரே ஓர் ஆளைக் கண்டால் ஆகாது. அது அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன், மருந்துக்கடைக்காரன். வெளியூர்ப் போட்டிக்கு அணி போனால், இருப்பதிலேயே கெட்டிக்காரனுக்கான முதல் பலகையில் உட்காருவது அவன்தான். அவன் ஜெயித்த ஆட்டத்தையெல்லாம் தையல்காரர் விடாமல் பிரிப்பார்.

"அவன் எங்க ஜெயிச்சான்? எதிராளி தூக்கிக் குடுத்தான்."

வீட்டிலும் இதே பாட்டுத்தான். "உங்களுக்குப் பொறாமை" என்பாள் மனைவி.

"பொறாமையா? எனக்கா? அவன் மேலயா?"

ஆமாம், பொறாமைதான். வேறென்ன?

இந்த வருஷம் எப்படியோ தட்டுத்தடுமாறி முதல் பலகைக்கான கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார். எதிரே சகலை. ஜெயிப்பவருக்கு அந்த நாற்காலி. சுற்றிலும் கூட்டம்.

பாதி ஆட்டத்தில் சகலை அசந்துவிட்டான். அவனுடைய யானை வெட்டுக்கு நின்றது. தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் இந்த இடத்தை எப்படி விளக்குவது, சுண்டுவிரலை எங்கே தட்டுவது, அப்போது இவன் மூஞ்சி எப்படிப் போகும் என்று மனசுக்குள் பேசவே ஆரம்பித்துவிட்டார். பேச்சு சுவையாக இருந்தது. அதே ஜோரில் கடைசி வரிசையில் காவல் நின்ற தன் யானையை எடுத்து அவன் யானையை வெட்டினார். காவல் போன வரிசையில் சகலையின் ராணி இறங்கியது. ஆட்டம் முடிந்தது.

அப்புறம்தான் அவர் கண்ணில் பட்டது. யானையைத் தொடாமல் குதிரையால் ராஜாவுக்குச் செக் வைத்திருந்தால், அதே தாவலில் ராணியும் சிக்கியிருக்கும்.

"எங்கண்ணே தப்பு?" என்று யாரோ கேட்டார்கள்.

சகலை முந்திக்கொண்டு காய்களை அள்ளிப் பெட்டியில் போட்டான். "தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. அண்ணன் நல்லாத்தான் ஆடினார்." பிறகு குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "குதிரையை நானும் பார்த்தேண்ணே. வேற யாரும் பார்க்கல. விடுங்க" என்றான்.

தையல்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதல் பலகைதான் போயிற்று, போகட்டும். பெரிய மனசுக்காரன் என்ற பேரும் இவனுக்கேவா?

"பெட்டியைக் குடு" என்று பிடுங்கினார். காய்களை ஒன்று விடாமல் பழைய இடத்தில் வைத்துவிட்டு, காலிப் பெட்டியை அவன் கையிலேயே திணித்தார். "எல்லாரும் கிட்ட வாங்க. என் குதிரை இங்க நிக்குது. இதை விட்டுட்டு யானைக்கு ஆசைப்பட்டேன் பாருங்க, எவனாவது செய்வானா இப்படி?"

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்தது. இதைவிட நல்ல விளக்கம் அந்த மன்றத்தில் யாரும் கேட்டதில்லை. ஜெயித்தவனுக்குக் கை கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. காலிப் பெட்டியோடு ஓரமாக நின்ற சகலையைத் தையல்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். மனசு நிறைந்துவிட்டது.