தோரிபியா காயவைத்த விறகு

இந்திபுகா மலைச்சரிவில் தோரிபியாவின் குரல்தான் முதலில் வரும். விறகு சுமந்த கழுதைகள் அதற்குப் பின்னால் வரும். புருஷன் விட்டுப்போன பிறகு ஓக் விறகு விற்றுத்தான் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாள்.

அந்த ஆண்டு ஊரில் பல வீடுகளில் மூன்று கல் அடுப்பு போய், சின்ன வாயும் புகைக்குழாயும் வைத்த செங்கல் அடுப்பு வந்தது. ஒரு வாரத்துக்கு ஆன விறகுச் சுமை இரண்டு வாரத்துக்கு வந்தது.

“இந்த வாரம் வேணாம்க்கா, இன்னும் பாதி கெடக்கு” என்றாள் வாடிக்கைக்காரி நிக்கோலாசா.

“அடுப்பு கட்டினியா, விரதம் இருக்குற கன்னியாஸ்திரியக் கூட்டிட்டு வந்தியா? ஒண்ணுமே திங்க மாட்டேங்குது!” என்றாள் தோரிபியா.

மழை பிடித்ததும் கதை மாறியது. புது அடுப்புகள் புகைந்தன. குழாயில் கரி அடைத்தது, சோள ரொட்டி வேகவில்லை.

“நாளைக்கே இதை இடிச்சுட்டு அந்தப் பழைய கல்லையே வைக்கப்போறேன்” என்று கண்ணைக் கசக்கினாள் நிக்கோலாசா.

தோரிபியாவுக்கு வாயெல்லாம் பல். இடித்தால் பழைய வியாபாரம் திரும்பிவிடும். ஆனாலும் குனிந்து பார்த்தாள். அவள் விற்ற தடிக்கட்டைதான் அடுப்பு வாயில் பாதி நுழைந்து, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் ஈரம் கொதித்து நுரைத்தது. தன் விறகை யார் குறை சொன்னாலும் சண்டைக்குப் போகிறவள் அவள். இந்தக் கட்டையைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

“அடுப்பை இடிக்காதடி. கோடாலி எங்க?”

குழாயைத் தட்டிக் கரியை உதிர்த்தாள். கூரைக்கடியில் காய்ந்து கிடந்த பழைய விறகுத் துண்டை எடுத்து மெல்லிய சிராய்களாகப் பிளந்து தீ மூட்டினாள். புகை குழாய்வழியே ஏறியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மெலிந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. ரொட்டி உப்பியது.

“இப்படியே முன்னாடி குடுத்திருக்கலாமேக்கா!”

“நீ கட்டையா கேட்ட, கட்டையா குடுத்தேன். இனிமே பிளந்து, காயவெச்சுத் தரேன். விலை மட்டும் கூடும். வெயில் சும்மா வேலை செய்யும், நான் செய்ய மாட்டேன்.”

வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, காற்றுப் புகும்படி விறகை அடுக்கினாள். ஊருக்குப் போகும் சுமை குறைந்தது; வருமானம் குறையவில்லை. கிழட்டுக் கழுதையை மேய விட்டுவிட்டாள். தன் சமையலறையிலும் அந்தக் கன்னியாஸ்திரி அடுப்பையே கட்டிக்கொண்டாள்.

போன வாரம் பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் வழிமறித்து, “பச்சையா இருந்தாலும் பரவால்ல, இப்பவே குடு” என்று நின்றான்.

“எங்கிட்ட பச்சை விறகு இல்ல தம்பி. புகை வேணும்னா வேற ஆளைப் பாரு” என்று கழுதையை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.