அழுக்குக் கழுவியவளின் பெயர்

இந்த ஊரில் ஒரு காபி வாங்கினால்கூடப் பெயர் கேட்டுக் கோப்பையில் எழுதுகிறார்கள். கடல் தாண்டி இந்த ஃப்ரீமாண்டுக்கு வந்த புதிதில் எனக்கு அது அதிசயமாக இருந்தது. கோலார் தங்க வயலில் என் அம்மாவைச் சாகும்வரை "சுரங்கத்து ஆறுமுகம் பொண்டாட்டி" என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா பூமிக்கடியில் தங்கம் வெட்டினார். தங்கம் பிரித்த கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டுத் தூசி விழாமல் சோற்றுப் பானையை மூடி மூடி எங்களை வளர்த்தவள் அம்மா. முனியம்மாள் என்ற பெயர் ரேஷன் கார்டோடு சரி.

போன கோடையில் மலைப்பக்கம், அந்தக் காலத்தில் தங்கம் தேடி ஜனங்கள் குவிந்த ஊர் ஒன்றுக்குப் போனோம். அருங்காட்சியகப் படமொன்றில் வரிசையாகத் தங்கம் கழுவும் ஆண்கள், கீழே தகரத்தில் அவரவர் பெயர். ஓரத்தில் துணி துவைக்கும் தொட்டியில் கைவிட்டபடி ஒருத்தி. யார் இவள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "யாராவது ஒருவரின் மனைவியாக இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். நான் முறைத்ததை அவர் படத்தின் மேல் ஆசை என்று எடுத்துக்கொண்டார் போல. இதே படம் ஃப்ரிட்ஜ் மேக்னட்டாகக் கடையில் கிடைக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து பாட்டெழுதினேன்:

"தங்கம் கழுவினவன் பேரு தகரத்துல இருக்கு,
அழுக்குக் கழுவினவளே, உன் பேரு என்ன?"

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குக் கொடுத்தேன். செயலாளர் போன் செய்தார்.

"மேடம், ட்யூன் சூப்பர். அந்த அழுக்கு லைனை மட்டும் கட் பண்ணிடலாமா? நல்ல நாளும் அதுவுமா எதுக்கு சோகம்? கோல்டு, டாலர்னு ஜாலியா மாத்திக் குடுங்க."

"முடியாது சார். அந்த லைன் இல்லன்னா பாட்டே இல்ல."

"சரி விடுங்க, நான் பாஸ்கர்கிட்ட பேசிக்கிறேன்."

என் பாட்டைப் பற்றி என் கணவரிடம்! என்ன கொழுப்பு! நல்லவேளை, "அவ பாட்டு, அவளையே கேளுங்க" என்று பாஸ்கர் போனை வைத்துவிட்டார்.

விழாவன்று மேடையில் அறிவித்தார்கள்: "அடுத்து, மிஸஸ் பாஸ்கர்!" நிகழ்ச்சி நிரலிலும் அப்படியே. ஆண்களுக்கெல்லாம் பெயர், எங்களுக்கெல்லாம் மிஸஸ். கணவரைச் சார்ந்து வந்தவள், டிபெண்டன்ட் விசா என்று வருடக்கணக்கில் என்னை வேலைக்குப் போகவிடாமல் உட்கார வைத்தது இந்த நாடு. நம் ஆட்களோ பெயரையும் பிடுங்கிக்கொண்டார்கள். கோபத்தோடு மைக்கைப் பிடித்தேன்.

"என் பேரு ரேணுகா. எங்கம்மா பேரு முனியம்மாள்."

வெட்டச் சொன்ன வரியைத்தான் முதலில் பாடினேன். "உன் பேரு என்ன?" என்ற இடத்தில் தாளம் நின்று காத்திருக்கும். அரங்கம் திருதிருவென்று விழித்தது. அப்போது பின்னால் சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்த மிஸஸ் சுந்தர் கரண்டியைத் தூக்கி, "விஜயலட்சுமி!" என்று கத்தினார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் பெயர் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வரி இரண்டாம் முறை வந்தது. தாளம் நின்றது. கோலாரிலிருந்து ஒரு குரல் பதில் சொல்லும் என்று, பைத்தியக்காரி மாதிரி, நான் காத்திருந்தேன்.